புதிய தரை டைல்ஸ் மீது படியும் வெண்படலம்: அடையாளம் கண்டு, வரிசையாக நீக்கும் முறை

தரை ஈரமாக இருக்கும்போது புத்தம் புதிதாக மின்னும். காய்ந்த பத்தாவது நிமிடம், பால் தெளித்துத் துடைத்ததைப் போல ஒரு மங்கல் மேலே வந்து நிற்கும். மறுபடி துடைத்தால் மறுபடி மின்னும், மறுபடி மங்கும். புது வீட்டில் டைல்ஸ் பதித்து முடித்தவர்கள் பலர் இந்தச் சுழலில் ஒரு வாரமாவது சிக்கிக்கொள்கிறார்கள். பிறகு யாரோ ஒருவர் ‘ஆசிட் ஊற்றினால் போய்விடும்’ என்கிறார். சேதம் அங்கேதான் தொடங்குகிறது.

என் வீட்டுத் தரையில் இந்த வேலையை முழுவதுமாகச் செய்து முடித்தேன். அதன் பிறகு உறவினர், நண்பர் வீடுகள் சிலவற்றில் கூடவே நின்று பார்த்தேன். தவறுகள் பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான் நடந்தன. படலம் எதனால் ஆனது என்று பார்க்காமலேயே கடைக்குப் போய் ஒரு பாட்டிலை வாங்கி வருவது ஒன்று. கரைத்த அழுக்கைத் தரையிலிருந்து எடுக்காமல் அங்கேயே காயவிடுவது மற்றொன்று. தேய்க்கும் வலிமை போதாமல் தோற்றவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஆகவே அந்த இரண்டு இடங்களிலும் சற்று அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

1. முதலில் தேதியை எண்ணுங்கள்

டைல்ஸ் இடுக்குகளில் கிரவுட் அடைத்து எத்தனை நாள் ஆகிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் எந்த அமிலத்தையும் தொடாதீர்கள்.

சிமெண்ட் கிரவுட் இறுகுவதற்குக் காலம் வேண்டும். அது முழு வலுப் பெறுவதற்கு முன் அமிலம் பட்டால், மேற்பரப்பிலுள்ள படலத்தோடு சேர்த்து இடுக்கிலுள்ள கிரவுட்டும் கரைந்து குழி விழும். குறைந்தது 10 நாள் பொறுங்கள். நம் ஊரில் இன்னும் பல இடங்களில் செய்வது போல, வெறும் வெள்ளை சிமெண்டில் நிறப்பொடி கலந்து அடைத்திருந்தால் 28 நாள் வரை பொறுப்பது நல்லது. அது தொழிற்சாலையில் கலந்து வரும் கிரவுட்டைவிட அதிகமாக நீரை உறிஞ்சும்.

இந்தக் காத்திருப்பு, சிமெண்டுக்குப் பதிலாகப் பிசினால் ஆன எபாக்ஸி கிரவுட்டுக்குப் பொருந்தாது. அங்கே கணக்கு நேர் எதிர்: முதல் 24 மணி நேரம்தான் உங்களுக்குச் சாதகம். எபாக்ஸி அடைத்திருந்தால் நேராக 12ஆம் பகுதிக்குப் போங்கள்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். இடுக்கின் மேல் விரலை அழுத்தித் தேய்த்தால் மாவு போல உதிர்கிறதா? அப்படியானால் கிரவுட் கலக்கும்போது தண்ணீர் அதிகமாகிவிட்டது. அந்த மாவுதான் தினமும் தரையெங்கும் பரவிப் படலமாகிறது. அதை எவ்வளவு துடைத்தாலும் தீராது. இடுக்கைச் சுரண்டி மறுபடி அடைத்த பிறகுதான் தரையைச் சுத்தம் செய்ய வேண்டும்.

2. படலம் எது என்று கண்டுபிடியுங்கள்

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் சிமெண்ட் அல்ல. புது வீட்டுத் தரையில் நான் கண்டவை ஐந்து வகை: கிரவுட்டின் சிமெண்ட் படலம், எபாக்ஸி பிசின், தொழிற்சாலையிலேயே பூசி அனுப்பும் மெழுகு, சுவர் புட்டித் தூசி, உப்புநீர் விட்டுப்போன தடம். ஒரே தரையில் இரண்டு மூன்று சேர்ந்தே இருப்பதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. நகம், வெந்நீர், வினிகர் மூன்றும் போதும்.

நகத்தால் சுரண்டுங்கள். வெள்ளைப் பொடியாக வந்தால் சிமெண்டோ புட்டியோ உப்போ இருக்கலாம். பிசுபிசுப்பாகச் சுருண்டு நகத்துக்கு அடியில் அழுக்குத் திரியாக வந்தால் அது மெழுகு. நகம் வழுக்கிக்கொண்டு போய், எதுவும் வராமல், ஆனால் சாய்வாகப் பார்த்தால் திட்டுத் திட்டாக மினுமினுத்தால் அது எபாக்ஸி.

அடுத்து, சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஒரு டைலை மட்டும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். படலம் போய்விட்டால் அது வெறும் புட்டித் தூசி அல்லது முன்பு ஊற்றிய தரை சுத்தம் செய்யும் திரவத்தின் மிச்சம். வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை. புட்டி தேய்க்கும் பெயிண்டர் வேலை முடியும் முன்பே தரையைத் துடைக்கத் தொடங்கியவர்கள் பலருக்கு விடை இதுதான். உப்புத்தாள் போட்டுச் சுவரைத் தேய்க்கும்போது இறங்கும் தூசி மிக நுண்ணியது. ஈர மாப் அதை எடுப்பதில்லை; சாந்தாக்கித் தரை முழுதும் பூசிவிடுகிறது.

கடைசியாக வினிகர். ஒரு தேக்கரண்டி வெள்ளை வினிகரைப் படலத்தின் மேல் ஊற்றி இரண்டு நிமிடம் விட்டு, தேய்த்து, நீரால் ஒற்றிக் காயவிடுங்கள். நுரை வருகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள்; படலம் மெல்லியதாக இருந்தால் நுரை கண்ணுக்குத் தெரியாது. காய்ந்த பிறகு அந்த இடம் வட்டமாகத் தெளிந்திருந்தால் அது சுண்ணாம்புச் சத்துள்ள படலம். அதாவது சிமெண்ட் அல்லது உப்புநீர்த் தடம். இரண்டுக்கும் அமிலம் வேலை செய்யும். வட்டம் தெரியவில்லை என்றால் மெழுகு அல்லது எபாக்ஸி. அவற்றின் மேல் அமிலம் ஊற்றுவது வீண். படலம் அப்படியே இருக்கும், கிரவுட் மட்டும் அரிக்கும்.

இந்தச் சோதனையை வாசல் அருகே ஒன்று, அறை நடுவே ஒன்று, சுவரோரம் ஒன்று என மூன்று இடங்களிலாவது செய்யுங்கள். சுவரோரம் புட்டியும் நடுவில் சிமெண்டுமாக இருந்த அறைகளை நான் பார்த்திருக்கிறேன். சோதனைக்கு முன், வினிகர் படக் கூடாத தரைகள் எவை என்பதை அடுத்த பகுதியில் படித்துவிடுங்கள்.

3. டைல்ஸ் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

விட்ரிஃபைடு, செராமிக் இரண்டும் நீர்த்த அமிலத்தைத் தாங்கும். மேற்பரப்பு மினுமினுப்பாக இருந்தால் கீறலுக்கு அஞ்ச வேண்டும். சொரசொரப்பாக இருந்தால் பள்ளங்களில் படலம் தங்கிவிடும் என்பதால் பிரஷ் வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான்.

அமிலம் ஒரு சொட்டும் படக் கூடாத தரைகள் உண்டு. ஆத்தங்குடி டைல்ஸ் சிமெண்டால் செய்யப்படுவது; அதன் பூ வேலையே சிமெண்டும் நிறமும்தான். வினிகரோ எலுமிச்சையோ பட்டால் அந்த மேல்தோலே கரையும். மார்பிள், கோட்டா கல், கடப்பாக் கல் எல்லாம் சுண்ணாம்பு வகைக் கற்கள். அமிலம் பட்ட இடம் மங்கி, மறுபடி பாலிஷ் போடும்வரை திரும்பாது. இந்தத் தரைகளில் வெந்நீர், அமிலமோ காரமோ இல்லாத மென்மையான சோப்பு, பொறுமை ஆகியவற்றுக்கு மேல் நீங்களாக எதையும் முயலாதீர்கள்.

கூடத்தில் விட்ரிஃபைடு, பூஜை அறையில் மார்பிள் என்று அடுத்தடுத்து இருக்கும் வீடுகளில்தான் ஆபத்து அதிகம். கூடத்தில் ஊற்றிய கரைசல் வாசற்படி தாண்டி மெல்ல நகர்ந்து போவது தெரியவே தெரியாது. எல்லையில் பழைய துணியைச் சுருட்டி அணை கட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

4. முன்கூட்டி எடுத்துவைக்க வேண்டியவை

வாளி மூன்று: ஒன்று கரைசலுக்கு, ஒன்று அழுக்குநீருக்கு, ஒன்று அலசும் நீருக்கு. ரப்பர் வைப்பர், பிளாஸ்டிக் முறம், நைலான் பிரஷ், வெள்ளை நிறத் தேய்ப்புப் பஞ்சு, பெரிய ஸ்பாஞ்ச் இரண்டு, மைக்ரோஃபைபர் துணி ஆறேழு. கைக்கு ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, முகத்துக்கு முகக்கவசம், காலுக்கு ரப்பர் செருப்பு.

பாத்திரம் தேய்க்கும் பச்சை நிற நார் வேண்டாம். அதில் உராய்வுத் துகள்கள் இருக்கின்றன; மினுமினுப்பான டைல்ஸில் மெல்லிய கீறல் விழுந்து, நீங்கள் நீக்க வந்த மங்கலைவிட மோசமான மங்கல் நிரந்தரமாகிவிடும். இரும்பு நார் அதைவிடக் கொடியது. அதன் துகள் இடுக்கில் மாட்டிக்கொண்டு துருப்பிடித்துக் கிரவுட்டை மஞ்சளாக்கும்.

அமிலத்தில் என் தேர்வு சல்ஃபாமிக் அமிலம். உப்பைப் போல வெள்ளைப் படிகமாகக் கிடைக்கும். புகையாது, மஞ்சள் கறை விடாது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 50 கிராம் போதும். 10 அடிக்கு 12 அடி அறைக்கு ஐந்து லிட்டர் கரைசல் தாராளம். அது கிடைக்காவிட்டால் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தை அதே அளவில் பயன்படுத்தலாம். வேலை மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும். படலம் மிக மெல்லியது என்றால் வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு.

கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் புகை குழாயின் குரோம் பூச்சையும் ஸ்டீல் கைப்பிடியையும் தின்னும். கடைகளில் கிடைக்கும் மஞ்சள் நிற ஆசிட்டில் இரும்பு கலந்திருக்கிறது. அந்த மஞ்சள் கிரவுட்டில் ஏறிக்கொள்ளும். நெருங்கிய உறவினர் ஒருவர் கிரகப்பிரவேசத்துக்கு மூன்று நாள் முன் அவசரத்தில் அதை ஊற்றினார். தரை பளிச்சென்று ஆனது உண்மைதான். ஆனால் இடுக்குகள் ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கி, பழுப்பேறி, கடைசியில் கூடம் முழுவதும் மறுபடி கிரவுட் அடைக்க வேண்டியதாயிற்று.

‘டைல்ஸ் கிளீனர்’ என்று எழுதிய பாட்டிலை வாங்கினால் பின்பக்கத்தைப் படியுங்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், அம்மோனியம் பைஃபுளோரைடு ஆகிய பெயர்கள் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஃபுளோரைடு அமிலம் கண்ணாடியையே அரிக்கும். டைல்ஸின் மேற்பூச்சும் ஒருவகைக் கண்ணாடிதான். உடலில் பட்டால் உயிருக்கே ஆபத்து.

எந்த அமிலத்தோடும் பிளீச்சிங் பவுடரைச் சேர்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். அது நுரையீரலைத் தாக்கும். முந்தைய நாள் பிளீச்சிங் போட்டுக் கழுவிய குளியலறை என்றால், நன்றாக அலசிக் காய்ந்த பிறகே அமிலத்தைக் கொண்டுபோக வேண்டும்.

தண்ணீரைப் பற்றியும் இங்கேயே யோசித்துவிடுங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் கடைசி அலசலைச் செய்தால், அந்த நீர் காய்ந்து தானே ஒரு வெண்படலமாகும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது மழைநீரோ, உப்பில்லாத குழாய் நீரோ இரண்டு குடம் பிடித்துவையுங்கள். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரைச் சேமித்துத் தரை துடைப்பவர்கள் பலர். சிக்கனம் நல்லதுதான், ஆனால் அந்த நீரில் உப்பு இன்னும் கூடுதல். செடிக்குக்கூட யோசித்து ஊற்ற வேண்டிய நீர் அது. புதுத் தரைக்கு வேண்டாம்.

5. உலர்ந்த தூசியை முதலில் எடுங்கள்

மணல், சிமெண்ட் துகள், புட்டிப் பொடி எல்லாவற்றையும் ஈரம் படும் முன்பே பெருக்கி எடுங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் அதுவே சிறப்பு. ஒரு மணல்துகள் பிரஷுக்கு அடியில் மாட்டினால் அறை முழுதும் கீறல் போட்டுக்கொண்டே வரும்.

பெயிண்டர் வேலை பாக்கி இருந்தால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். சுவர் முடிந்த பிறகுதான் தரை. இந்த வரிசையை மாற்றினால் எல்லாவற்றையும் இரண்டு முறை செய்வீர்கள்.

சிமெண்ட் கட்டிகள் ஒட்டியிருந்தால் பிளாஸ்டிக் சுரண்டியைத் தட்டையாகப் படுக்கவைத்துத் தள்ளுங்கள். பழைய ஏ.டி.எம். அட்டைகூட நன்றாக வேலை செய்கிறது.

6. மெழுகு இருந்தால் அது போகட்டும்

அமிலத்துக்கு முன் சோப்பு. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. பாலிஷ் போட்ட விட்ரிஃபைடு டைல்ஸில் கீறல் விழாமல் இருக்கத் தொழிற்சாலையில் மெல்லிய மெழுகு பூசி அனுப்புகிறார்கள். கிரவுட் அடைக்கும்போது சிமெண்ட் அந்த மெழுகோடு கலந்துவிடுகிறது. மெழுகு மேலே இருக்கும்வரை அமிலம் சிமெண்டைத் தொடவே முடியாது.

ஒரு வாளி நல்ல வெந்நீரில் இரண்டு கைப்பிடி சலவைச் சோடாவும் சில சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் திரவமும் கலந்து, ஐந்தடிக்கு ஐந்தடியாக ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, வெள்ளைப் பஞ்சால் தேய்த்து, வைப்பரால் முறத்தில் அள்ளுங்கள். பிறகு வெந்நீரால் இரண்டு முறை அலசுங்கள். சோப்பு மிச்சம் இருந்தால் அடுத்து வரும் அமிலத்தின் வலுவை அது தின்றுவிடும்.

இதோடு தரை தெளிந்துவிட்ட வீடுகளும் உண்டு. தெளிந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

7. கண்ணுக்குப் படாத மூலையில் ஒரு சோதனை

கதவுக்குப் பின்னால் அல்லது கட்டில் வரப்போகும் இடத்தில், ஒரு டைலும் அதைச் சுற்றியுள்ள இடுக்கும் மட்டும். கீழே சொல்லும் எல்லாப் படிகளையும் அந்த ஒரு டைலில் முழுமையாகச் செய்து, ஒரு நாள் விடுங்கள். ஈரக் கிரவுட்டின் நிறம் ஏமாற்றும். முழுவதும் காய்ந்த பிறகுதான் வெளுத்திருக்கிறதா என்று சொல்ல முடியும்.

கறுப்பு, அடர்பழுப்பு போன்ற நிறக் கிரவுட்டுகளில் இந்த ஒரு நாள் காத்திருப்பைத் தவிர்க்கவே கூடாது. அமிலம் மேலேயுள்ள நிறத்தைத் திட்டுத் திட்டாக எடுத்துவிடும். வீட்டில் மிஞ்சிய டைல் ஒன்று இருக்கும் என்பதால் அதில் சோதித்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதில் கிரவுட் இல்லையே.

8. இடுக்கை நனைத்து, பிறகு அமிலம்

வேலையைக் காலையில் வெயில் ஏறும் முன் தொடங்குங்கள். சன்னல்களைத் திறந்துவையுங்கள், ஆனால் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். காற்றோட்டம் உங்களுக்கு வேண்டும். கரைசல் சட்டென்று காயக் கூடாது.

முதலில் சுத்தமான தண்ணீரைத் தரையில் ஊற்றி, இடுக்குகளை ஐந்து நிமிடம் நன்றாக ஊறவிடுங்கள். கிரவுட்டில் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. அவை ஏற்கெனவே தண்ணீரால் நிரம்பியிருந்தால் அமிலம் உள்ளே இறங்காமல் மேற்பரப்பிலேயே நின்று வேலை செய்யும். ‘கரைசலிலேயே தண்ணீர் இருக்கிறதே, தனியாக ஏன்’ என்று இந்தப் படியைத் தாண்டுபவர்களின் இடுக்குகள்தான் பின்னாளில் உதிர்கின்றன. தேங்கி நிற்கும் நீரை மட்டும் வைப்பரால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கரைசல் நீர்த்துப்போகும்.

கரைசல் தயாரிக்கும்போது வாளியில் முதலில் தண்ணீர், அதில் அமிலப் படிகம். மாற்றிச் செய்யாதீர்கள், தெறிக்கும். படிகம் முழுவதும் கரைந்த பிறகே ஊற்றுங்கள். கரையாத படிகம் விழுந்த இடத்தில் கிரவுட் பொத்தலாகும்.

ஒரு தடவைக்கு ஐந்தடிக்கு ஐந்தடிக்கு மேல் எடுக்க வேண்டாம். ஸ்பாஞ்சால் கரைசலைப் பரப்பி மூன்று முதல் ஐந்து நிமிடம் விடுங்கள். ஓரம் காயத் தொடங்கினால் இன்னும் கொஞ்சம் கரைசல் தெளியுங்கள். பிறகு வெள்ளைப் பஞ்சால் வட்டமாகத் தேய்க்கலாம். சொரசொரப்பான டைல்ஸ் என்றால் நைலான் பிரஷால் இரண்டு திசையிலும். இடுக்கின் நெடுக்கில் பிரஷை ஓட்டாதீர்கள், குறுக்காக ஓட்டுங்கள்.

9. காய்வதற்குள் அள்ளுங்கள்

நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை இந்தப் படியில்தான் நடந்தன.

அமிலம் சிமெண்டைக் காணாமல் போகச் செய்வதில்லை. கரைக்க மட்டும் செய்கிறது. கரைந்தது இப்போது தரையில் ஒரு மெல்லிய பால்நீராக நிற்கிறது. அதை மாப்பால் இங்கும் அங்கும் தள்ளினால் மாப் கொஞ்சம் குடிக்கும், மீதி தரையில் பரவிக் காயும். காய்ந்ததும் பழையபடி வெள்ளை. ‘அமிலம் வேலை செய்யவில்லை’ என்று அடுத்த முறை இரண்டு மடங்கு வலுவாகக் கலக்கிறார்கள். அமிலம் முதல் முறையே வேலை செய்துவிட்டது, அள்ளத்தான் ஆளில்லை.

குளியலறைக்கும் பால்கனிக்கும் வாட்டம் இருக்கிறது, நீர் தானே வடியும். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் வாட்டம் கிடையாது. ஆகவே வைப்பரால் இழுத்து முறத்தில் ஏற்றி அழுக்குநீர் வாளியில் கொட்ட வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் வாக்குவம் வாடகைக்குக் கிடைத்தால் ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவு வீண்போகாது.

இடுக்குகள் சற்றுப் பள்ளமாக இருக்கும், பால்நீர் அங்கே தங்கும். வைப்பர் அதை எட்டாது. பிழிந்த ஸ்பாஞ்சை ஒவ்வொரு இடுக்கின் மேலும் அழுத்தி உறிஞ்சி எடுங்கள். ஸ்பாஞ்சின் ஒரு பக்கம் ஒரு தடவை. பிறகு அலசிப் பிழிய வேண்டும். அலசும் வாளியின் நீர் கலங்கியதும் மாற்றிவிடுங்கள். கலங்கிய நீரில் நனைத்த ஸ்பாஞ்ச், எடுத்ததையே திருப்பிப் பூசுகிறது.

ஒருவர் தேய்க்க, இன்னொருவர் பின்னாலேயே அள்ளிக்கொண்டு வருவது சிறந்த ஏற்பாடு. தனியாளாகச் செய்தால் பரப்பளவை மூன்றடிக்கு மூன்றடியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

10. சோடா நீர், இரண்டு அலசல்

அள்ளிய பிறகும் இடுக்கில் அமிலத்தின் மிச்சம் இருக்கும். பத்து லிட்டர் தண்ணீரில் 100 கிராம் ஆப்ப சோடா கலந்து அந்தப் பகுதி முழுதும் பரப்பி, ஐந்து நிமிடம் கழித்து அள்ளுங்கள். மிச்ச அமிலம் இதில் அடங்கிவிடும். அழுக்குநீர் வாளியிலும் ஒரு கைப்பிடி சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டு, நுரை அடங்கிய பிறகு சாக்கடையில் கொட்டுங்கள். செடிப் பக்கம் கொட்ட வேண்டாம்.

சோடாவும் காய்ந்தால் வெள்ளைதான். ஆகவே அதன் பிறகு இரண்டு முறை அலசல் கட்டாயம். இரண்டாவது, எடுத்துவைத்த உப்பில்லாத நீரில். அலசிய ஈரத்தைத் தானாகக் காயவிடாமல் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

11. காய்ந்த பிறகு, தாழ்ந்த வெளிச்சத்தில் பாருங்கள்

மறுநாள், தரை முற்றிலும் காய்ந்த பிறகு, விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசி டார்ச்சைத் தரையோடு ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாத திட்டுகள் அப்போது தெரியும். பென்சிலால் சுற்றிக் குறித்துவிட்டு, அவற்றுக்கு மட்டும் 8 முதல் 10 வரையான படிகளை மீண்டும் செய்யுங்கள்.

மீண்டும் செய்யும்போது அளவைக் கூட்டாதீர்கள். 50 கிராம் கரைசல் இரண்டு முறை, 100 கிராம் கரைசல் ஒரு முறையைவிடக் கிரவுட்டுக்கு நல்லது. மூன்று முறைக்குப் பிறகும் போகாத திட்டு சிமெண்ட் அல்ல. 2ஆம் பகுதிக்குத் திரும்புங்கள்.

12. எபாக்ஸி என்றால் வழி வேறு

எபாக்ஸி ஒரு பிசின். அமிலத்துக்கு அது அசையாது. அடைத்த அன்றே என்றால் வெந்நீரில் சில சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் திரவம் கலந்து, வெள்ளைப் பஞ்சால் மென்மையாக வட்டமிட்டுத் தேய்த்து, உடனே ஸ்பாஞ்சால் எடுத்தால் பெரும்பகுதி வந்துவிடும். இடுக்கின் மேல் அழுத்தாதீர்கள். அது இன்னும் மென்மையாக இருக்கும்.

ஒரு நாள் கடந்துவிட்டால் எபாக்ஸி படலத்துக்கென்றே விற்கும் நீக்கியை வாங்குங்கள். கிரவுட் எந்த நிறுவனத்துடையதோ அதே நிறுவனத்தின் நீக்கியைக் கேட்பது நல்லது. பாட்டிலில் சொன்ன நேரம் ஊறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, வெந்நீரால் அலச வேண்டும். நீக்கி இடுக்கின் மேல் நெடுநேரம் நின்றால் அங்குள்ள எபாக்ஸியும் இளகும். ஆகவே டைலின் முகத்தில் மட்டும் தடவுங்கள். கண்ணுக்கும் மூச்சுக்கும் பாதுகாப்பு இங்கே இன்னும் முக்கியம்.

தின்னர் ஊற்றித் தேய்க்கச் சொல்வார்கள். இறுகிய எபாக்ஸியை அது கரைப்பதில்லை. மூடிய அறையில் அதன் ஆவி தீப்பற்றும். அடுப்பும் பூஜை விளக்கும் இருக்கும் வீட்டில் அந்த யோசனையை ஏற்காதீர்கள்.

13. துடைக்கத் துடைக்க இடுக்கிலிருந்து வரும் வெள்ளை

டைலின் முகம் தெளிவாக இருந்து, இடுக்கு ஓரத்தில் மட்டும் உப்புப் பூத்தது போல வெள்ளை வருகிறதா? அது வேறு பிரச்சினை. கீழே உள்ள மணல்சாந்துப் படுகையின் ஈரம் மேலேறி ஆவியாகும்போது, தன்னோடு கொண்டுவந்த உப்பை இடுக்கில் விட்டுச் செல்கிறது. தரைத்தளத்திலும் குளியலறை ஓரத்திலும் இது அதிகம்.

இதைத் தண்ணீரால் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும், மறுபடி வரும். உலர்ந்த பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, வாக்குவத்தால் எடுங்கள். வாரம் ஒரு முறை செய்துவந்தால், படுகை காயக் காயக் குறைந்து நிற்கும். மாதக்கணக்கில் குறையாவிட்டால் எங்கோ குழாய் கசிகிறது. டைல்ஸ் ஆளைவிடப் பிளம்பரைத்தான் முதலில் அழைக்க வேண்டும். அதற்கு முன் இடுக்கின் மேல் சீலர் பூசி அடைத்துவிடாதீர்கள். ஈரம் உள்ளே சிக்கிக்கொள்ளும்.

14. எதற்கும் போகாத மங்கல்

ஈரமாக இருக்கும்போதும் மங்கலாகத் தெரிகிறது, விரல் வைத்தால் அக்கம்பக்க டைலைவிட லேசாகச் சொரசொரக்கிறது என்றால் அது மேலே படிந்த எதுவும் அல்ல. மேற்பரப்பே அரிக்கப்பட்டோ கீறப்பட்டோ இருக்கிறது. முன்பு யாராவது ஃபுளோரைடு அமிலம் ஊற்றியிருக்கலாம். மணலோடு சேர்த்துத் தேய்த்திருக்கலாம். இதற்குச் சுத்திகரிப்பு இல்லை. அந்த டைலை மாற்றுவதுதான் வழி. தொடர்ந்து தேய்த்து நல்ல டைல்ஸையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

15. இன்னும் ஓர் அறை பாக்கி இருந்தால்

மேஸ்திரியிடம் வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். ஒரு தடவைக்கு அவர் துடைத்து முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் கிரவுட் அடைக்கட்டும். அடைத்து 15 முதல் 30 நிமிடத்துக்குள், கிரவுட் விரலில் ஒட்டாத பதம் வந்ததும், நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் இடுக்குக்குச் சாய்கோணத்தில் துடைக்க வேண்டும். நேர்கோட்டில் துடைத்தால் இடுக்கிலிருந்து கிரவுட் வழித்துக்கொண்டு வரும். சொட்டச் சொட்ட நனைந்த ஸ்பாஞ்ச் கிரவுட்டை நீர்த்துப்போகச் செய்து, அந்தச் சாந்தைத் தரையில் பூசிவிடும்.

இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மெல்லிய வெள்ளை தெரியும். அப்போது உலர்ந்த பருத்தித் துணியோ சுத்தமான சணல் சாக்கோ கொண்டு தேய்த்தால், பத்து நாள் கழித்து அமிலம் செய்யும் வேலை அங்கேயே தண்ணீரில்லாமல் முடிந்துவிடும். மாலை ஆறு மணிக்கு ஆட்கள் கிளம்பிவிடுவதால் விட்டுப்போகும் வேலை பெரும்பாலும் இதுதான். அவர்கள் கிளம்பிவிட்டால் நீங்களே செய்யுங்கள். ஓர் அறைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

வெளிர் நிற டைல்ஸுக்கு அடர்நிறக் கிரவுட் தேர்ந்திருந்தால், முதலில் மிஞ்சிய டைல் ஒன்றின் மேல் கிரவுட்டைத் தடவி, அரை மணி நேரம் விட்டுத் துடைத்துப் பாருங்கள். நிறம் ஏறினால் கிரவுட்டை மாற்ற அப்போதும் நேரம் இருக்கிறது. வேலை முடிந்ததும் அரைக் கிலோ கிரவுட் பொடியைக் காற்றுப் புகாத டப்பாவில், பாக்கெட்டில் அச்சிட்ட நிற எண்ணோடு சேர்த்து எடுத்துவையுங்கள். பிறகு ஓர் இடுக்கைத் திருத்த வேண்டியிருந்தால் எந்த நிறத்தைக் கேட்க வேண்டும் என்று அந்த எண் சொல்லிவிடும்.